நாலு கேன் எடை

காரை இரண்டு அங்குலம் தூக்க ஒரு பகல் போதும். தூக்கிய காரை நேராக ஓட வைப்பதுதான் என்னைப் போன்ற வீல் அலைன்மென்ட்காரனின் பாடு. மழைத் தண்ணீருக்குப் பயந்து வண்டியை உயர்த்திவிட்டு, ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டும் உங்களுக்கும் அது தெரிந்திருக்கும். குமணன்சாவடி கடையில் நான் சரிசெய்த தூக்கிய வண்டிகளில் குறையோடு திரும்பி வந்தது ஒன்றே ஒன்று.

எல்லாம் பச்சை

அது நாற்பத்தோராவது வண்டி. வெள்ளானூர் அடுக்குமாடியிலிருந்து கல்பனா என்ற பெண் கொண்டுவந்தார். தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்குமாம். உயர்த்தியதில் முன்சக்கரங்களின் சாய்வு மாறியிருந்தது. டயரில் காற்றைச் சரிபார்த்து, டிக்கியில் கிடந்த குடையைக்கூட வெளியே எடுத்து வைத்துவிட்டு அளந்தேன். இரண்டு பக்கமும் ஒரே அளவு வந்தது. மிஷின் திரையில் எல்லா எண்ணும் பச்சை, அதாவது எல்லாம் சரி. நானே ஓட்டியும் பார்த்தேன், நேராகப் போனது.

நான்காம் நாள் அந்தப் பெண் திரும்பி வந்தார். "இடது பக்கமா இழுக்குது ஐயா. பைபாஸ்ல கன்டெய்னர் லாரி பக்கத்துல வந்தா கை வேர்த்துடுது."

ஒன்பது வண்டி

முதலாளி சேகர் என்னைத் தனியே அழைத்தார். அந்த அடுக்குமாடியில் இன்னும் ஒன்பது பேர் காரைத் தூக்கப் போகிறார்களாம். இந்த வண்டி எப்படி ஓடுகிறதென்று பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம்.

"இன்னா பெருசு, மிஷின் பச்சை காட்டுது, வண்டி லாரிக்கு முத்தம் குடுக்கப் போவுது. இன்னொரு தபா திரும்பி வந்துச்சுன்னா, தூக்குன வண்டியே நம்மளுக்கு வோணாம்!"

தரையைப் பார்த்தது

மறுபடி அளந்தேன். மறுபடி பச்சை. அதைச் சொல்லத்தான் கல்பனாவிடம் போனேன். பெண்களிடம் பேசும்போது நான் தரையைத்தான் பார்ப்பேன். அவர் காரில் ஏறி உட்கார்ந்தார். என் கண் முன்னால் வலது டயருக்கு மேலிருந்த இடைவெளி குறைந்தது. ஸ்கேல் வைத்தேன்: ஏழு மில்லிமீட்டர். உயர்த்திய வண்டியில் அவ்வளவு இறங்கினால் வலது சக்கரத்தின் சாய்வு மாறிவிடும். நான் நாற்பத்தாறு கிலோ. நான் ஓட்டியபோது எப்படித் தெரியும்?

அவர் உட்கார்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். ஆனால் ஆளை உட்கார வைத்து வண்டியை லிஃப்ட்டில் மேலே ஏற்றக் கூடாது. அதே எடையை சீட்டில் வைக்கலாம். எவ்வளவு எடை என்று ஒரு பெண்ணிடம் எப்படிக் கேட்பது? கடையில் இருந்த குடிதண்ணீர் கேனை எடுத்துவந்து, தரையைப் பார்த்தபடி, "இது ஒண்ணு இருபத்தோரு கிலோம்மா" என்று மட்டும் சொன்னேன்.

புரிந்துகொண்டு சிரித்தார். "நாலு வைங்க ஐயா. வெளியில கேட்டா மூணுன்னு சொல்லுங்க!"

இரண்டு விரல்

சீட்டில் மூன்று, காலடியில் ஒன்று. மேலே சீட் பெல்ட்டும் போட்டேன். வலப்பக்கம் சரியாக ஏழு மில்லிமீட்டர் இறங்கியது. சாய்வு போல்ட்டை நூலளவு நூலளவாகத் திருப்பினேன். கூட வரச் சொன்னார், நான் ஏறவில்லை. என் எடை இடப்பக்கம் கூடிவிடும். தனியாக பைபாஸுக்குப் போனார். இருபத்திரண்டு நிமிடம் வாசலிலேயே நின்றேன்.

திரும்பி வந்ததும் கண்ணாடியை இறக்கினார். "ரெண்டு விரல்தான் வச்சிருந்தேன் ஐயா. லாரிக்காரர்தான் ஒதுங்கிப் போனார்."

இன்றோடு ஐம்பது வண்டி ஆயிற்று, திரும்பி வந்தது அந்த ஒன்றே ஒன்று. கேன் மட்டும் இப்போது ஆறு இருக்கிறது, ஆறும் தேவைப்பட்டவர் யாரென்று நான் சொல்லப் போவதில்லை.