மாலை போட்ட சிலிண்டர்

போராட்டம் நடத்துவது என்பது பாதி நேரம் மைக் செட்டுக்காரருக்கும் மீதி நேரம் போலீஸ் வேனுக்கும் காத்திருக்கிற தொழில். கொடுத்த நோட்டீஸ் நாலடி தள்ளித் தரையில் கிடப்பதைப் பார்த்தும் அடுத்த ஆளிடம் கை நீட்டிய அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் நான் படித்தது கொஞ்சம். துண்டறிக்கை படித்து ஆளானவன், பிறகு எழுதவும் செய்தேன். கடலூர் மேடைகளில் இன்று முழங்குகிறவர்கள் பலர் என் வரிகளைத்தான் முழங்குகிறார்கள். பெயரை மட்டும் விட்டுவிடுவார்கள்.

எந்த நோட்டீஸ்?

எரிவாயுக் கப்பல் வரத்து குறைந்துவிட்டது என்று செய்தி வந்த பிறகு, சிலிண்டர் வண்டியைத் தெருவில் பார்ப்பதே அரிதாகிவிட்டது. பதிவு செய்தவர்கள் வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். மக்களைத் திரட்ட ஒரு நோட்டீஸ் அடித்துக்கொண்டு சிதம்பரம் பேருந்து நிலையத்தில் நின்றேன். வயலில் துளை போட்டு எரிவாயு எடுக்கக் கூடாது என்று அதே இடத்தில் முன்பு நோட்டீஸ் கொடுத்தவனும் நான்தான்.

இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை என்று டீக்கடைக்காரரிடம் விளக்கினேன். பூமிக்கடியில் இருப்பதை உறிஞ்சினால் வயல் கெடும், இருப்பும் ஒருநாள் தீரும். அதற்காக, ஊரையே எரிவாயு அடுப்புக்குப் பழக்கிவிட்டு மாற்று வழி காட்டாமல் கைவிரிப்பது அயோக்கியத்தனம். பொறுமையாகக் கேட்டார். அவர் கடையிலும் ஒரே ஒரு அடுப்புதான் எரிந்துகொண்டிருந்தது. கடைசியில் சொன்னார்: "நாயந்தான் தோழர். அப்ப கேஸ் எடுக்காதேன்னு குடுத்தீங்க, இப்ப கேஸ் குடுன்னு குடுக்குறீங்க. நான் எதுல வடைய மடிக்கட்டும்?"

ஒப்பாரி

எங்கள் பக்கத்துப் போராட்டங்களில் சிலிண்டருக்கு மாலை போட்டு, சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைப்பது வழக்கம். அதற்குக் காலி சிலிண்டர் வேண்டும். நல்ல காலத்தில் கேட்ட வீட்டில் கிடைக்கும். இப்போதோ வண்டி எந்த நேரம் வருமோ என்று காலியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தார்கள்.

கொடுத்தது அஞ்சலை ஒருத்திதான். சிதம்பரத்துக்குப் பக்கத்தில் கிள்ளையில் மீனவக் குடும்பம், கணவர் இல்லை. வீட்டு வாசலில் இட்லி விற்றுத்தான் மகளைப் படிக்க வைக்கிறாள். இருப்பது ஒரே சிலிண்டர், அதுவும் தீர்ந்து வியாபாரம் நின்று கிடந்தது. மறுநாள் காலை வண்டி வரும், காலியைக் கொடுத்தால்தான் நிறைந்தது கிடைக்கும், அதனால் அன்று சாயந்திரமே சிலிண்டர் திரும்பி வர வேண்டும் என்றாள். நான் வாக்குக் கொடுத்தேன்.

சிதம்பரத்தில் சாமந்தி மாலை போட்டு ஒப்பாரி வைத்து அழுதோம். போட்டோ எடுத்து முடிந்ததும் கட்சிக்காரர்களில் பாதிப் பேர் நழுவிவிட்டார்கள். கூடவே வந்திருந்த அஞ்சலை மட்டும் நிஜமாகவே அழுதுகொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "எங்க ஊட்டுக்காரருக்குக்கூட இம்மாம்பெரிய மாலை போடல தோழர்."

மண்டபம்

வழக்கம்போல எங்களை வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்தார்கள். சிலிண்டரையும் மாலையோடு ஏற்றினார்கள். மதியம் சாப்பாடு வர வெகுநேரம் ஆனது. மண்டபத்திலும் எரிவாயு இல்லாமல் கொல்லையில் விறகு வைத்துப் பொங்கிக்கொண்டிருந்தார்கள். ஈர விறகு. புகை உள்ளே வந்து, கைதானவர்களும் காவலுக்கு நின்றவர்களும் சேர்ந்தே கண்ணைக் கசக்கினோம். பந்தோபஸ்துக்கு வந்த பெண் காவலர், தன் வீட்டில் மின்சார அடுப்பு வாங்கியதாகவும் அடிக்கடி கரண்ட் போவதால் பிள்ளை பிரெட்டோடு பள்ளிக்கூடம் போவதாகவும் அஞ்சலையிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சாயந்திரம் எங்களை விட்டுவிட்டார்கள். சிலிண்டரைக் கேட்டேன். வழக்கில் சேர்த்தாயிற்று என்றார்கள். அது ஒரு பெண்ணின் பிழைப்பு, காலையில் வண்டி வருகிறது என்றெல்லாம் சொன்னேன். போலீஸிடம் நான் குரலைத் தாழ்த்திப் பேசியது அன்றைக்குத்தான். காவல் நிலைய எழுத்தர் நல்ல மனிதர், சங்கடப்பட்டார். "ஒங்கள வுடறதுக்கு எங்க அய்யா சொன்னா போதும் தோழர். சிலிண்டர வுடறதுக்கு கோர்ட்டு சொல்லணும்."

காலி எங்கே?

காலையில் வண்டி வந்தபோது அஞ்சலைக்குப் பக்கத்தில் நானும் நின்றேன். காலி இல்லாமல் கொடுக்க மாட்டேன் என்றார் வண்டிக்காரர். நடந்ததைச் சொன்னேன். ஒன்றுக்கு ஒன்று கணக்குக் காட்ட வேண்டும், தவறினால் தன் வேலை போய்விடும் என்றார். இன்று வாங்காவிட்டால் பதிவு ரத்தாகி மறுபடி வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். விறகுக்கும் வழி இல்லை. சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடு அது. புகை போக ஒரு துவாரம்கூட வைக்கவில்லை. வாசலில் மூட்டினால் அடுத்த வீட்டு இளைப்புக்காரக் கிழவர் திணறுகிறார்.

வண்டிக்காரர் கொஞ்சம் யோசித்தார். கடற்கரைத் தெரு முழுக்கக் கொடுத்துவிட்டுக் கடைசியாக இந்தப் பக்கம் திரும்புவதாகவும், அதற்குள் எந்தக் காலியைக் கொண்டுவந்தாலும் சரி என்றும் சொன்னார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "மாலை போட்டவரு நீங்கதான? கருமாதியையும் நீங்களே முடிச்சி வுடுங்க."

மொபெட்

சிதம்பரத்தில் என் வீட்டிலும் ஒரே சிலிண்டர்தான். அசைத்துப் பார்த்தேன், கொஞ்சம் தளும்பியது. எரிவாயுவை நம்பாதே என்று ஊருக்கெல்லாம் எழுதியவன், அந்தத் தளும்பலைக் கேட்டு ஒரு நிமிடம் தயங்கி நின்றேன். பிறகு மொபெட்டின் முன்னால் வைத்துக் கட்டிக்கொண்டு கிள்ளைக்கு விட்டேன்.

வண்டி தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. உங்களுக்குச் சோத்துக்கு வழி என்ன என்று அஞ்சலை கேட்டாள். உன் இட்லி இருக்கிறதே என்றேன். என் சிலிண்டரை வாங்கிக்கொண்ட வண்டிக்காரர், அதில் மிச்சம் இருப்பதைக் கை எடையிலேயே கண்டுகொண்டு என்னை ஒருமுறை பார்த்தார். நிறைந்ததை இறக்கினார். அஞ்சலை அதை உள்ளே உருட்டிக்கொண்டு போய்க் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு வெளியே வந்தாள். "இட்லி எத்தினி வேணும்னாலும் துன்னுங்க தோழர். இத மட்டும் போராட்டத்துக்குக் கேட்டுடாதீங்க."

எங்களை வேனில் ஏற்றி இறக்கிவிட அரசாங்கத்துக்கு ஒரு பகல் போதுமாக இருக்கிறது, மாலை போட்ட சிலிண்டரை மீட்டு என் அடுப்பைத் திரும்பப் பற்றவைக்கத்தான் இன்னும் நீதிமன்ற வாய்தா நடந்துகொண்டிருக்கிறது.