கண்ணாடிக் கிணறு

தச்சநல்லூரில் பீடி சுற்றுகிறேன். ஒரு பள்ளிக்கூடத்தில், வருகிறவர்களே தொட்டு விளையாடிப் பார்க்கிற கலைக் கண்காட்சி போட்டிருந்தார்கள். நாலு வயது மகளோடு போனேன்.

தரையில் செங்கல் அடுக்கிய கிணறு ஒன்று. அடியில் ஆழமாக ஏதோ தெரிந்தது. மகள் உள்ளே கால் வைத்தாள். எங்கள் தெருக் கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது; அந்தப் பயம் எனக்கு. ஒற்றைக் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தேன்.

"கிணறு இல்லக்கா, கண்ணாடி. மேல உள்ள கூரைதான் அதுல தெரியுது" என்றார் அதைச் செய்தவர். எல்லாரும் சிரித்தார்கள்.

"அம்மா, கை தூக்க வரல" என்றாள் மகள். கை தொங்கியது. எனக்கு அழுகை வரவில்லை.

கண்காட்சி பார்க்க வந்திருந்த ஒரு நர்ஸம்மா அவள் முழங்கையை மடக்கிச் சரிசெய்தார். "பிள்ளைய ஒத்தக் கையில இழுக்கலாமா? மூட்டு நழுவிரும்லா" என்றார்.

மகள் மறுபடி கண்ணாடியில் ஏறிக் குதித்தாள். "நீயும் வா" என்றாள். நான் போகவில்லை.

இப்போது எந்த அவசரத்திலும் அவளை இடுப்போடு அணைத்துத்தான் தூக்குகிறேன். வளையல் போடும்போதுகூட முழங்கையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.