கேதகி வீட்டு மருமகள்

குலமணிக்கு மாவு மில்லில் வேலை. மார்கசிர மாதம் வந்துவிட்டால் போதும், புதன்கிழமைதோறும் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் அரிசிக் கூடையோடு வந்து அவன் உயிரை வாங்குவார்கள். மறுநாள் வியாழன், லட்சுமி வீடு தேடி வரும் நாள். அவளுக்கு மண்டாக் கொழுக்கட்டை அவித்துப் படைக்க மாவு வேண்டாமா? அரைத்து அரைத்து அவன் மீசையே வெளுத்துப்போகும். ஆனால் அந்த மண்டாவில் ஒன்றே ஒன்று அவன் வாயில் விழுந்தது கிடையாது. என்ன அநியாயம் பாருங்கள்!

லட்சுமிக்குப் படைத்ததை வெளியாளுக்குக் கொடுத்தால் அவளும் கூடவே கிளம்பிப் போய்விடுவாள் என்பது எங்கள் பக்கத்துக் கட்டுப்பாடு. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குக்கூடக் கிடையாது, அவள் கோத்திரம் மாறியவள். குலமணியோ ஜாஜ்பூர்ப் பக்கத்திலிருந்து வந்த வீட்டோடு மாப்பிள்ளை. பிறந்த வீட்டுக்குப் போனால், "நீதான் போயிட்டியேடா" என்று அண்ணன்மார் தட்டை மூடினார்கள். இங்கே வந்தால், "நீங்க வேற கோத்திரம் மாப்ளே" என்று மாமியார் தட்டை மூடினாள்.

ஆக, அந்த வீட்டில் மண்டா தின்னத் தகுதியுள்ள ஒரே ஜீவன் மாமியார் கேதகி. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆண்பிள்ளை இல்லை. ஒரே மகள் ஜேமாவைத்தான் குலமணிக்குக் கட்டிக்கொடுத்து இருவரையும் வீட்டோடு வைத்துக்கொண்டிருந்தாள். தேங்காயும் வெல்லமும் திணித்த மண்டாக்களைப் பாவம், மூச்சு முட்ட முட்டத் தனியாளாக உள்ளே தள்ளுவாள். மிஞ்சியது மாட்டுக்கு.

"மாடு சொந்தம், நான் அசலா அத்தை?" என்று ஒருநாள் கேட்டேவிட்டான் குலமணி.

"மாடு இந்த வீட்லயே பொறந்தது மாப்ளே."

சிரித்துவிட்டு எழுந்து போனான். ஆனால் மனசு ஆறவில்லை. கல்யாணமான நாளிலிருந்து கூரை வேய்பவன் அவன், அந்த மாட்டைக் கறப்பவனும் அவன்தான். பலகாரம் கிடக்கட்டும், இந்த வீட்டில் தனக்கு ஓர் இடம் உண்டா இல்லையா என்று தெரியாமல் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வருஷம் மூன்றாவது வியாழன். விடியுமுன் முற்றம் மெழுகப் போன கேதகி சாணித் தண்ணீரில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு பிடித்துக்கொண்டது. கட்டிலில் கிடத்தியதும் ஒரே புலம்பல்.

"ஐயோ, லட்சுமி வர்ற நேரமாச்சே! யாரு கூப்பிடுவா அவளை?"

"நான் பாடிக் கூப்பிடறேம்மா" என்றாள் ஜேமா.

"நீ கூப்பிட்டா உன் புகுந்த வீட்டுக்குல்ல போயிடுவா! ஒரு மருமக இருந்தா எனக்கு இந்தக் கதி வருமா?"

"எது என் புகுந்த வீடு? நான்தான் இந்த வாசலையே தாண்டலையே!"

வேப்பங்குச்சியால் பல் தேய்த்துக்கொண்டிருந்த குலமணி துப்பிவிட்டு உள்ளே வந்தான்.

"அத்தை, மருமகள்னா யாரு?"

"கல்யாணம் கட்டி இந்த வீட்டுக்கு வந்தவ. இது என்ன கேள்வி?"

"சரி. கல்யாணம் கட்டி இந்த வீட்டுக்கு வந்தது யாரு? தகரப் பொட்டியைத் தூக்கிக்கிட்டு வந்து, அம்மாவை நெனச்சு ராத்திரியெல்லாம் அழுதது யாரு?"

"நீங்கதான்" என்றாள் ஜேமா.

"அப்ப இந்த வீட்டு மருமக நான்தான்!"

"அட கிறுக்குப் பயலே!" என்றாள் கேதகி. மாப்பிள்ளை மரியாதை அந்த நிமிஷமே காற்றில் போயிற்று. கிழக்கு வேறு வெளுத்துக்கொண்டு வந்தது. "சரி சரி, போய்த் தலைக்குத் தண்ணி ஊத்திக்க. முக்காடு போடாம சாமி முன்னாடி உக்காந்தே, தொலைச்சுடுவேன்!"

ஜேமாவின் மஞ்சள் புடவையைச் சுற்றிக்கொண்டு, முக்காட்டுக்குள் மீசை துடிக்க, லட்சுமியாக வைத்துக் கும்பிடும், புதுநெல் குவித்த அளவுப் படிக்கு முன்னால் உட்கார்ந்தான். வெளியே நின்று கேட்டுக் கேட்டே மனப்பாடமான பிரார்த்தனை. ஆனால் மில் இரைச்சலில் கத்திப் பழகிய தொண்டை அல்லவா?

"தாயே, வாசல்ல நிக்காதே, உள்ள வா! வந்தவ போயிடாதே!"

தெருவே கூடிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "ஏண்டி கேதகி, உன் மருமகளுக்கு மீசை இருக்கே!" என்று கெக்கலித்தாள்.

"இருந்துட்டுப் போகுது! என் மருமக குளிச்சுட்டா. உன் மருமக முழிச்சாளா?"

அவள் தலையை இழுத்துக்கொண்டாள்.

பூஜை முடிந்ததும் குலமணி ஆவலாகத் தட்டில் கை வைத்தான். "மாமியாருக்கு அப்புறம்தான் மருமக" என்று அதட்டினாள் கேதகி. அவளுக்கு ஊட்டிவிட்டு ஒன்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டான். சந்தோஷத்தில் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. இன்னொன்றை எடுத்தபோதுதான் கதவோரம் நின்ற ஜேமாவைப் பார்த்தான்.

"நீயும் வாயேன்."

"எனக்கெதுக்கு? நான் கட்டிக்கொடுத்த பொண்ணு."

"எவன் சொன்னான்? நான் இந்த வீட்டு மருமகள்னா, நீ இந்த வீட்டுப் பையன்."

கேதகி மெல்லுவதை நிறுத்தினாள். ஒரு பையனுக்காக அவள் சுற்றாத கோயிலில்லை, வாங்காத பேச்சில்லை. இடுப்பு வலியில் முனகிக்கொண்டே முழங்கையை ஊன்றி எழுந்து, தட்டிலேயே பெரிய மண்டாவாகப் பார்த்து எடுத்தாள்.

"வாடா என் ராசா" என்றாள் ஜேமாவிடம். "வாயைத் தொற."