தொட்டி நிரம்பும் முன் சொன்ன சாட்சி

நான் சபைக்குள் விசுவாசியாக நுழையவில்லை. ஒழுகலை அடைக்க நுழைந்தேன். எங்கள் சபை ஒரு கட்டில் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. ஞானஸ்நானம் கொடுக்கும் தொட்டி கசிந்து, கீழே புது மெத்தை ஒன்று நனைந்துவிட்டது. கடைக்காரர் மேலே ஏறி வந்து கத்தியிருக்கிறார். ஆறு வருடமாக அங்கே போய் வந்துகொண்டிருந்த என் மனைவி, பிளம்பர் நம் வீட்டிலேயே இருக்கிறார் என்று என்னைக் கோர்த்துவிட்டாள்.

அடைத்தேன். ஆனால் உடனே சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை. தொட்டி நிறையத் தண்ணீர் விட்டு, ஒரு முழு நாள் விட்டு, அடியில் கைவைத்துப் பார்த்த பிறகே வாயைத் திறந்தேன். என் தொழிலில் அதுதான் ஒழுங்கு. அடுத்த வருடம் அதே தொட்டியில் போதகர் என்னையும் முக்கி எடுத்தார். பாவம் போனதா என்று பார்க்காமல், முங்கியபடியே மூலையில் கசிவு இருக்கிறதா என்று பார்த்தவன் நான்.

அதற்குப் பின் எட்டு வருடத்தில், ஆண்டவர் எனக்கு இன்னது செய்தார் என்று சபை முன் எழுந்து ஒரு சாட்சிகூட நான் சொன்னதில்லை. சபையில் வேன் ஓட்டும் ஒருவர் இருந்தார். வாரம் தவறாமல் அவருக்கு ஓர் அற்புதம் நடக்கும். பிரேக் பிடிக்காத வண்டி தானாக நின்றிருக்கும். நான் கைதட்டுவேன், வயிறு எரியும்.

அப்போதுதான் மனைவியின் கழுத்தில் கட்டி வந்தது. நான் ஜெபித்த லட்சணத்தைச் சொல்ல வேண்டும். கடையில் சாமான் பட்டியல் வாசிப்பது போல, இன்ன அளவு, இன்ன தேதிக்குள் என்று ஆண்டவருக்கு உத்தரவு போட்டேன். டாக்டர் கட்டியை அறுத்தெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். பத்து நாளில் முடிவு வரும் என்றார்.

ஆறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. வேன்காரர் தன் அற்புதத்தை முடித்து உட்கார்ந்தார். எனக்கு நாக்கு அரித்தது. எழுந்து மைக்கை வாங்கி, என் மனைவி பூரண சுகம் பெற்றுவிட்டாள், ஒரு பொட்டு நோய்கூட மிச்சமில்லை என்று முழங்கினேன். கழுத்துக் கட்டோடு உட்கார்ந்திருந்தவள் என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். உற்சாகப்படுத்துகிறாள் என்று நினைத்து, குரலை இன்னும் ஏற்றினேன்.

புதன்கிழமை முடிவு வந்தது. கெட்ட கட்டி. குணமாக்கலாம், ஆனால் மிச்சத்தையும் எடுத்தாக வேண்டும், அடுத்த வியாழன் வாருங்கள் என்றார் டாக்டர். பஸ்ஸில் அவள் ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள். நான் என்ன யோசித்தேன்? வேன்காரர் முகத்தில் எப்படி முழிப்பது என்று. அப்படிப்பட்ட புருஷன்.

ஞாயிறு காலை சாமான் பையைத் தூக்கிக்கொண்டு, அவசர வேலை என்றேன்.

"யார் வீட்டுல ஒழுகுது?" கரகரத்த குரலில் கேட்டாள்.

நான் செருப்பைத் தேடுவது போல் குனிந்தேன்.

"எனக்குப் பயமா இருக்குங்க. எனக்காக ஜெபிக்க அம்பது பேர் இருந்தாங்க. நான் சுகமாயிட்டேன்னு நெனச்சு எல்லாரும் நிறுத்திட்டாங்க. நீங்கதானே நிறுத்த வச்சீங்க."

பையைக் கீழே வைத்தேன்.

சபையில் எழுந்து நின்றேன். போன வாரம் நான் சொன்னது பொய் என்றேன். முடிவு வருவதற்கு முன் பெருமைக்காகச் சொன்னேன், அவளுக்கு வியாழக்கிழமை மறுபடி அறுவை, தயவுசெய்து ஜெபியுங்கள் என்றேன். முதலில் முழங்காலில் நின்றவர் அந்த வேன்காரர். பிறகு ஒவ்வொருவராக. பட்டியல் எதுவும் எனக்கு ஞாபகம் வரவில்லை. ஆண்டவரே, பயமாயிருக்கிறது, கூடவே இரும். அவ்வளவுதான் வந்தது. என்னுடைய முதல் ஜெபம் என்று அதைத்தான் சொல்வேன்.

எல்லோரும் எழுந்ததும், சும்மா இருக்காமல் டாக்டர் சொன்னதை விளக்க ஆரம்பித்தேன்.

"உட்காருங்க. இன்னும் பேசினா அதையும் அடுத்த வாரம் திருத்தணும்" என்றாள் மனைவி.

வியாழனன்று வேன்காரரே எங்களை ஏற்றிக்கொண்டு போனார். வழி நெடுக பிரேக் கதை. அறுவை முடியும்வரை நான் ஆஸ்பத்திரி நடையிலேயே உட்கார்ந்து அதே நாலு வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். அதைப் பிடித்துக்கொண்டுதான் அந்த ஐந்து மணி நேரத்தைக் கடந்தேன்.

இரண்டாவது முடிவு நல்லபடியாக வந்தது. காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவளே எழுந்து சாட்சி சொன்னாள். ஒரே வரி. எனக்கு மைக் தரவில்லை. தொட்டி மறுபடியும் கசிகிறது, கொஞ்சம் வந்து பாருங்கள் என்றார் போதகர்.