இரண்டு தட்டு

எங்கள் கிளை ரயில்பாதைக்கென்று வாங்கிய பன்னிரண்டு டீசல் எஞ்சின்களில் ஒன்றுகூட உருப்படியில்லை. ஏற்றத்தில் எண்ணெய் வால்வு இறுகி எஞ்சின் நின்றுவிடும். வால்வின் பக்கத்தில் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினால் கிளம்பிவிடும். இதைக் கண்டுபிடித்தவர் என் அக்கா வீட்டுக்காரர். அவர் ஓட்டுநர், நான் அவருக்கு உதவி ஓட்டுநர்.

அந்தச் சனியன்களைத் தேர்ந்தெடுத்த பொறியாளருக்கு இது காதில் விழுந்ததும் பற்றிக்கொண்டு வந்தது. 'எஞ்சினைச் சுத்தியலால் அடித்தார்' என்று மேலிடத்துக்குப் புகார் எழுதி, அத்தானை இரண்டு வருடம் எஞ்சின் கழுவ வைத்தார்.

"நல்லா அழுத்தித் தேய்யா" என்பார், கடந்து போகும்போதெல்லாம். அத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தார்.

மறுபடி ஓட்ட வந்த பிறகு அத்தான் சுத்தியலைத் தொடவே இல்லை. எஞ்சின் நின்றால் தகவல் சொல்லிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்துவிடுவார்.

ஒருநாள் அந்தப் பொறியாளரே எங்கள் வண்டியில் ஏறினார். தலைமை அலுவலகத்தில் அவருக்குப் பதவி உயர்வு நேர்காணல். ஏற்றத்தில் எஞ்சின் நின்றது. வியர்த்து விறுவிறுக்க ஓடி வந்தார்.

"தட்டுய்யா, நேரமாகுது."

"தட்டினது குத்தம்னு நீங்கதானே எழுதினீங்க, சார்."

அத்தான் சுத்தியலை அவரிடமே நீட்டினார். வேறு வழியில்லாமல் அவரே தட்டினார். எஞ்சின் உறுமியது.

அத்தான் வண்டியை எடுக்கவில்லை. பழுதுப் புத்தகத்தை விரித்து, 'எஞ்சினைச் சுத்தியலால் அடித்தவர்' என்று எழுதி, பேனாவை நீட்டினார்.

"கையெழுத்துப் போடுங்க, கிளம்பிடலாம். கீழே கார்பன் இருக்கு, நகல் தலைமை அலுவலகத்துக்குப் போகும். நல்லா அழுத்திப் போடுங்க, சார்."