எனக்கும் ஒரு மேசை

பள்ளிக்கூட நூலகர் தனியாகத்தான் சாப்பிட வேண்டும். யாரும் போட்ட விதி இல்லை இது. மணி அப்படி அடிக்கிறது. மதிய இடைவேளை விட்டால்தான் பிள்ளைகள் புத்தகம் எடுக்க வர முடியும். அந்த நேரத்தில் நான் கதவைப் பூட்டிவிட்டு ஆசிரியர் அறைக்குப் போய் டிபன் பாக்ஸைத் திறந்தால் அப்புறம் நூலகம் எதற்கு? அதனால் மற்றவர்கள் பாடம் நடத்தும்போது நான் சாப்பிடுவேன். அவர்கள் சாப்பிடும்போது நான் வேலை செய்வேன். ஒருவர் டப்பாவில் இன்னொருவர் கை விட்டு எடுத்துத் தின்பதும், மாமியார் கதைகளும், யாருக்கு நிச்சயதார்த்தம் என்ற பேச்சும் அந்த அறையோடு சரி. எனக்கு எல்லாம் கடைசியில்தான் தெரியும், அதுவும் பிள்ளைகள் சொல்லித்தான். “லைப்ரரி மிஸ் யார்கூடவும் சேர மாட்டாங்க” என்று பெயர் வேறு. சேர நேரம் கொடுத்தால் சேர மாட்டேனா?

பள்ளி மேட்டுப்பாளையம் சாலையில் இருக்கிறது. நூலகம் இரண்டாம் மாடியில், கோடியில். அதற்கு மேலே தண்ணீர்த் தொட்டிதான். நான் மதுக்கரையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறேன். வீட்டில் நான் மட்டும். அதற்கான காரணங்கள் இங்கே தேவையில்லை.

நூலக அறிவியலில் முதுகலை முடித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தேன். “பி.எட். முடிச்சிட்டீங்கன்னா உங்களையும் டீச்சர்ஸ் கணக்குல சேத்துக்கலாம்” என்றார் அப்போதைய முதல்வர். நம்பினேன். சனி ஞாயிறெல்லாம் படித்து பி.எட். முடித்தேன். சான்றிதழை எடுத்துக்கொண்டு போனபோது அந்த நாற்காலியில் வேறு ஒருவர் இருந்தார். இப்போதும் முதல்வராக இருக்கிற இந்த அம்மையார் “வெரி குட்” என்றார். அவ்வளவுதான். இன்றுவரை ஏதாவது வகுப்பில் ஆசிரியர் வரவில்லை என்றால், சத்தம் வராமல் பார்த்துக்கொள்ள என்னை அனுப்புவார்கள். அந்த ஒரு மணி நேரம் நான் ஆசிரியர். மணி அடித்ததும் ஆபீஸ் ஆள்.

புத்தகத்துக்குக் காவல் காப்பதுதான் என் வேலை என்று நினைக்கிறார்கள். காவலுக்குப் பூட்டு போதும். ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்து, அது திருப்பிக் கொடுக்கும் புத்தகத்தைப் பார்த்து, எந்த இடத்தில் அதற்குச் சலித்தது என்று கேட்டு, அடுத்ததைக் கொடுக்க வேண்டும். அதுவும் தப்பினால் அதற்கடுத்தது. இதற்குப் பெயர் கற்பித்தல் இல்லை என்றால் வேறு எதற்குப் பெயர் கற்பித்தல் என்று எனக்குத் தெரியவில்லை.

கோவையில் பள்ளி நூலகர்களுக்கு என்று ஒரு பயிற்சி நடந்தது. போனேன். நூலகரும் ஆசிரியர்தான் என்று மேடையில் ஒருவர் காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். எங்களுக்கு இதில் என்ன சந்தேகம், எங்கள் முதல்வர்களைக் கூப்பிட்டு அல்லவா சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். மதியம் சாப்பாடு போட்டார்கள். நீளமான மேசை, இரண்டு பக்கமும் நாங்கள். சரி, இன்றாவது நாலு பேரோடு உட்கார்ந்து பேசிச் சாப்பிடலாம் என்று ஆசையாக இருந்தது. ஒருவரும் பேசவில்லை. குனிந்த தலை நிமிராமல் அள்ளிப் போட்டுக்கொண்டு ஐந்து நிமிடத்தில் எல்லோரும் கை கழுவப் போய்விட்டார்கள். நானும்தான். குழாயடியில் வரிசையில் நின்றபோதுதான் உறைத்தது. மணி அடிப்பதற்குள் விழுங்கிப் பழகிய ஜாதி நாங்கள் அத்தனை பேரும்.

எனக்கு முன்னால் நின்ற பெண் அந்தியூர்ப் பக்கத்துப் பள்ளியில் நூலகர். அவரும் அதையேதான் யோசித்திருக்கிறார் போல. என்னைத் திரும்பிப் பார்த்து, “நம்மளைத் தொரத்திக்கிட்டு யாருங்க வந்தாங்க?” என்றார். இருவரும் சிரித்தோம். பிறகு அவர் பெற்றோர் கூட்டத்தைப் பற்றிச் சொன்னார். அவர் பள்ளியில் கூட்டம் நடக்கும்போது அவரும் ஒரு மேசை போட்டு உட்கார்ந்துகொள்வாராம்.

“ஆரு பர்மிஷன் குடுத்தாங்க?” என்று கேட்டேன்.

“ஆரு குடுப்பாங்க? நானே போட்டுப்போட்டேன். எடுக்கச் சொன்னாப் பாத்துக்கலாம்னு உக்காந்துட்டேன். இதுவரைக்கும் ஆரும் சொல்லலீங்க.”

அன்றைக்குப் பயிற்சியில் நான் கற்றது இது ஒன்றுதான்.

எங்கள் பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்றால் கீழே வராந்தா நெடுக மேசை போடுவார்கள். தமிழ், கணக்கு, அறிவியல், ஆங்கிலம், ஓவியம், கராத்தே. கராத்தே மாஸ்டர் வாரத்துக்கு ஒரு நாள் வருகிறவர், அவருக்கும் உண்டு. பெற்றோர் மைதானத்தில் வரிசையாக நிற்பார்கள். அந்தக் காலை முழுவதும் நான் மேலே காலி நூலகத்தில் இருப்பேன். எனக்கும் ஒரு மேசை வேண்டும் என்று முதல்வரிடம் போய்க் கேட்டேன். என்னவோ விடுமுறை கேட்டதுபோல முகத்தை வைத்துக்கொண்டு, “ஓரமா ஒண்ணு போட்டுக்குங்க” என்றார்.

குடிநீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஓரமாகப் போட்டேன். எந்தப் பிள்ளை என்ன படிக்கிறது என்று சொல்லத் தயாராக உட்கார்ந்தேன். வந்தவர்கள் கேட்டது, டாய்லெட் எந்தப் பக்கம், கணக்கு மிஸ் எங்கே. ஒருவர் ஹெல்மெட்டை என் மேசையில் வைத்து, “கொஞ்சம் பாத்துக்குங்க மிஸ்” என்று போய்விட்டார். ஒரு மணி நேரத்துக்கு மேல் நானும் அந்த ஹெல்மெட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் அந்த அம்மா வந்தார். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் தாய். மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு மண்டி வைத்திருக்கிற குடும்பம். வரும்போதே கோபம்.

“ஏனுங்க, புக்கு குடுக்கற மிஸ் நீங்கதானுங்களா?”

“நானுங்க. உக்காருங்க.”

“உக்கார நேரமில்லீங்க. என்ற புள்ளைக்கு என்னத்தைங்க குடுத்து உட்டீங்க? ராத்திரி பாத்ரூமுக்குத் தனியாப் போகமாட்டேங்கறா. நாந்தான் போயிக் கதவுக்கு வெளிய நிக்கோணும். நின்னாப் பத்தாது, பேசிக்கிட்டே நிக்கோணும். பேச்சை நிறுத்துனா ‘அம்மா இருக்கறயா’ங்கறா. காத்தால நாலு மணிக்கு மண்டிக்குப் போறவளுங்க நானு.”

எந்தப் புத்தகம் என்று எனக்குத் தெரியும். மூடிப்போன பஞ்சாலையில் ராத்திரி ஷிப்டுக்குச் சங்கு ஊதும், யார் ஊதுவது என்று தெரியாது. அந்தக் கதை.

“எங்க ஊட்டுக்குப் பின்னாலயே மில்லு ஒண்ணு மூடிக் கெடக்குதுங்க. உங்களுக்கு வேற புக்கே கெடைக்கலீங்களா?”

பக்கத்து வரிசை திரும்பிப் பார்த்தது. முதல்வர் வேகமாக வந்தார். “மேடம், இவங்க டீச்சர் இல்லீங்க, லைப்ரேரியன். கம்ப்ளெயிண்ட் எதுன்னாலும் எங்கிட்டச் சொல்லுங்க.”

அந்த அம்மா அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “டீச்சர் இல்லாதவங்க எதுக்குங்க மேசை போட்டு உக்காந்திருக்காங்க?”

நியாயமான கேள்வி. இத்தனை வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருப்பதும் அதன் மறுபக்கம்தான். முதல்வர் வாயைத் திறப்பதற்குள் நான் பேசிவிட்டேன்.

“குடுத்தது நானுங்க. கேக்கறதை எங்கிட்டயே கேளுங்க. போன வருஷம் உங்க புள்ளைக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வந்துது. தெரியுங்களா உங்களுக்கு?”

“தமிழ்ல நல்ல மார்க்குத்தானுங்க வாங்குனா.”

“மனப்பாடம் பண்ணி வாங்குனா. புக்கைக் குடுத்தா ஒரு பக்கம் தாண்டாம அப்படியே கொண்டாந்து வெப்பா. மிருகக் கதை குடுத்தேன், ஜோக்கு குடுத்தேன், ராஜா கதை குடுத்தேன். எதுக்கும் மசியல. இதைத்தான் மொத அட்டையிலிருந்து கடைசி அட்டை வரைக்கும் படிச்சா. ஒரு புள்ளை பயப்படுதுன்னா, படிச்சது புரிஞ்சிருக்குதுன்னு அர்த்தமுங்க.”

இரண்டு மேசை தள்ளித் தமிழாசிரியர் இருந்தார். மனப்பாடம் என்று நான் சொன்னது அவர் காதில் விழுந்தது. விழட்டும் என்றுதான் சொன்னேன். முதல்வர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்தார்.

அந்த அம்மா உட்கார்ந்தார். ஹெல்மெட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கையை மேசைமேல் வைத்தார். குரல் இறங்கியிருந்தது.

“அவளாவா முழுசும் படிச்சா?”

“அவளேதானுங்க.”

“எனக்குஞ் சத்தமாப் படிச்சுக் காட்டுனா. சமையக்கட்டுல ஏனம் கழுவிக்கிட்டே கேட்டேன்.” பக்கத்து மேசையை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். “உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. அவளுக்கு மட்டும் இல்லீங்க. வெளிய நிக்கற எனக்கும் பயந்தான். அதுக்குத்தான் நானும் பேசிக்கிட்டே நிக்கறது.”

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். உடனே எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு பழையபடி கறாரானார்.

“பேய் வேண்டாமுங்க இனிமே. வேற எதாச்சும் பாத்துக் குடுங்க.”

“குடுக்கறேன். ஆனா எப்படிப் படிச்சான்னு அடுத்த கூட்டத்துக்கு வந்து எங்கிட்டச் சொல்லோணும்.”

“வாரேனுங்க.”

அன்று உக்கடத்தில் பஸ் மாறும்போதும் அவர் திட்டியதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன். என்னைத் தேடி வந்து சண்டை போட்ட முதல் ஆள் அவர். கணக்கு ஆசிரியரோடு சண்டை போட எத்தனை பேர் வருகிறார்கள். ஆசிரியர் என்றால் அப்படித்தான், அவர் செய்ததற்கு அவரிடம் கணக்குக் கேட்பார்கள். என்னை ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டேன். இதைச் சொல்ல யாரும் இல்லை. சோற்றை வடித்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். வீட்டில் மணி அடிக்கப்போவதில்லை, ஆனாலும் ஐந்து நிமிடம்தான்.

திங்கட்கிழமை முதல்வர் கூப்பிட்டார். தமிழாசிரியர் புகார் சொல்லியிருந்தார். “உங்களுக்கு எதுக்கு இந்த வேலைங்க? அடுத்த மீட்டிங்குல மேசை வேண்டாம். கேட் கிட்ட நின்னு பேரன்ட்ஸுக்கு வழி காட்டுங்க” என்றார்.

“வழி காட்ட ஒரு போர்டு எழுதி வெச்சாப் போதும் மேடம். அதுக்கு எம்.எல்.ஐ.எஸ்சும் பி.எட்டும் எதுக்கு?”

“அப்ப மேலயே இருங்க.”

“சரிங்க” என்று வந்துவிட்டேன்.

அந்தப் பெண் வழக்கம்போல மதியம் வந்துகொண்டிருந்தாள். கடலில் வழி தவறிய மீனவர்களைப் பற்றி ஒரு புத்தகம் கொடுத்தேன். பேய் இல்லாததில் கொஞ்சம் ஏமாற்றம் அவளுக்கு. எடுத்துக்கொண்டு போனாள். எப்படிப் படித்தாள் என்று நான் அவளிடம் கேட்கவில்லை, அதை அவள் அம்மா வந்து சொல்லட்டும்.

அடுத்த கூட்டம் வந்தது. மேலேயே இருங்கள் என்றுதானே சொன்னார்கள், மேலே மேசை போடக் கூடாது என்று சொல்லவில்லையே. நூலகத்திலிருந்து ஒரு மேசையை வெளியே இழுத்து இரண்டாம் மாடி வராந்தாவில் போட்டு, ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். நான் அங்கே இருப்பது கீழே ஒருவருக்கும் தெரியாது. காற்று மட்டும் வந்தது, மேட்டுப்பாளையம் பஸ்களின் ஹாரன் வந்தது. கைப்பிடிச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தால் மைதானம் முழுக்கத் தலைகள். யாரோ சிரிப்பது கேட்டது. எதற்கு என்று தெரியவில்லை. வரிசைகள் வளர்ந்து, குறைந்து, மறுபடி வளர்ந்தன. என் பக்கப் படிக்கட்டில் ஒரு காலடிச் சத்தம்கூட இல்லை. இதற்குக் கேட்டிலேயே நின்றிருக்கலாம், நாலு பேராவது என் முகத்தைப் பார்த்திருப்பார்கள் என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதற்கு என்மேலேயே எரிச்சல் வந்தது.

பன்னிரண்டு மணிவாக்கில் அந்த அம்மாவைப் பார்த்தேன். கணக்கு மேசையிலிருந்து எழுந்து நேராகக் குடிநீர்க் குழாய்ப் பக்கம் போனார். சென்ற முறை நான் உட்கார்ந்திருந்த இடத்தில் ஏதோ நீட் கோச்சிங்காரர்கள் மேசை போட்டுப் பேனர் கட்டியிருந்தார்கள். வெளியாளுக்குக்கூட மேசை கிடைக்கிறது. அவர்கள் நீட்டிய நோட்டீஸை வாங்காமல் அந்த அம்மா சுற்றும் முற்றும் பார்த்தார். அந்தப் பக்கமாகப் போன அட்டெண்டரிடம் ஏதோ கேட்டார். அவர் கையை விரித்தார். அந்த அம்மாவின் கையில் செய்தித்தாள் அட்டை போட்ட ஒரு புத்தகம் இருந்தது. அந்த அட்டையைப் போட்டவள் நான். அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கேட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

வருஷக்கணக்காகப் பிள்ளைகளிடம் “மெதுவா, மெதுவா” என்று சொல்லிச் சொல்லி என் குரலே அமுங்கிப் போயிருந்தது. எழுந்து கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏனுங்க.”

அவ்வளவு சத்தம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. மைதானமே நிமிர்ந்து பார்த்தது. கணக்கு ஆசிரியர் பார்த்தார். தமிழாசிரியர் பார்த்தார். வராந்தாவிலிருந்து முதல்வர் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். அந்த அம்மாவும் நின்று, கையை நெற்றிக்குக் கொடுத்து மேலே பார்த்தார்.

“இங்கீங்க. ரெண்டாவது மாடி. மேசை இங்கதானுங்க இருக்குது.”

“அத்தனை படியும் ஏறோணுமாங்க?” என்று அவர் கீழிருந்து கேட்டார்.

“ஏறோணுமுங்க.”

அவர் மாடிப்படி எங்கே இருக்கிறது என்று தேடினார். முதல்வர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்வையை எடுக்கவில்லை.

“சரி, இருங்க, வாரேன்.”

நான் உள்ளே போய் இன்னொரு நாற்காலியை இழுத்து வந்து மேசைக்கு எதிரே போட்டேன்.