புகை வராத வண்டி

2024 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை. காலை 4.40க்கு எழுந்தேன். ஒரு டம்ளர் வெந்நீர் குடித்துவிட்டு, 4.55க்கு வாசல் விளக்கைப் போட்டு இரண்டு வண்டிகளையும் பார்த்தேன். முன் டயரில் காற்று இருபத்திரண்டு, பின் டயரில் முப்பது. செயினை விரலால் அழுத்தினால் முக்கால் அங்குலம் இறங்கியது. 5.20க்குப் பால் காய்ச்சிக் காப்பி போட்டேன். மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். பதினோரு வருடத்து டைரிகளில் ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்களை எடுத்துப் பார்த்தால், நேரம் ஐந்து நிமிடம் முன்பின் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டில் ஒன்று என்னுடையது. மற்றது திருப்போரூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் நண்பருடையது. எல்லோரையும் போல நானும் அவரைப் பாய் என்றே கூப்பிடுவேன். அவருக்கு ஐம்பத்தேழு வயது, என்னைவிட ஐந்து வயது மூத்தவர். நான் பொத்தேரியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். யாருக்கும் பாடம் எடுப்பதில்லை. இருந்தாலும் அவருக்கு நான் வாத்தியார்தான்.

இரண்டுமே முப்பத்தைந்து வருடம் கடந்த டூ ஸ்ட்ரோக் வண்டிகள். இந்த இன்ஜின்களுக்குப் பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து போக வேண்டும், இல்லாவிட்டால் பிஸ்டன் காய்ந்து சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும். என் வண்டியில் ஆயிலுக்குத் தனி டப்பாவும் பம்பும் உண்டு. பாயின் வண்டியில் பம்பு எப்போதோ போய்விட்டது, மாற்று கிடைக்கவில்லை. அதனால் ஒவ்வொரு முறையும் லிட்டருக்கு முப்பது மில்லி என்று அளந்து டேங்கிலேயே கலக்க வேண்டும். கலந்ததும் ஹேண்டில்பாரைப் பிடித்து வண்டியை இடமும் வலமும் நாலு முறை குலுக்குவோம். குலுக்கினால் ஆயில் போட்டாயிற்று என்று அர்த்தம்.

வண்டிக்கு வண்டி கலவை மாறும் என்பதால் எங்களுக்குள் ஒரு விதி வைத்திருந்தோம். அடுத்தவர் டேங்கில் யாரும் பெட்ரோல் ஊற்றக் கூடாது. விதியைப் போட்டவன் நான். அதை எழுதி, வீட்டில் வண்டி நிறுத்தும் கொட்டகைச் சுவரில் ஒட்டியவனும் நான்.

அந்த விதியைச் சனிக்கிழமை மாலை நானே மீறினேன். பாயின் வண்டி ஒரு வாரமாக என் வீட்டில் இருந்தது. பின் பிரேக் கட்டை தேய்ந்திருந்தது. புதன்கிழமை, நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், அவர் செங்கல்பட்டுக்குச் சரக்கு எடுக்க வந்தபோது புதுக் கட்டையைக் கொண்டுவந்து கொடுத்து, என் மனைவியிடம் டீ குடித்துவிட்டுப் போயிருந்தார். சனிக்கிழமை மாலை அதை மாட்டி, திருக்கழுக்குன்றம் சாலையில் ஓட்டிப் பார்த்தேன். திரும்பும்போது ரிசர்வுக்கு வந்துவிட்டது. காலையில் அவர் வந்து காலி டேங்கோடு நிற்க வேண்டாமே என்று, வீட்டில் கேனில் இருந்த நாலு லிட்டரை ஊற்றினேன். ஆயில் புட்டியை எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பினேன். மாடியில் தொட்டி நிரம்பித் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. உள்ளே ஓடி மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து, டேங்க் மூடியை மூடி, வண்டியை நாலு முறை குலுக்கி, துணியால் துடைத்து நிறுத்தினேன். ஆயிலும் ஊற்றியதாகவே நினைத்திருந்தேன்.

ஞாயிறு காலை 5.50க்குப் பாய் பஸ்ஸில் வந்து இறங்கினார். சாவியை வாங்கிக்கொண்டு முதலில் டேங்க் மூடியைத் திறந்து பார்த்தார். பார்த்துவிட்டு ஒரு கணம் நின்றார். நான்தான் ஊற்றினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஞாயிறுதோறும் எங்களோடு சவாரி வரும் மூன்றாமவர் கேட்டில் வந்து ஹார்ன் அடித்தார். மறைமலைநகரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் சூப்பர்வைசர். கேலி செய்ய ஒரு விஷயம் கிடைத்தால் ஆறு மாதம் விடமாட்டார். விதி போட்டவனே விதியை மீறியது அவர் காதில் விழ வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

6.10க்குக் கிளம்பினோம். ஏரிக்கரையில் பனி இருந்தது. திருக்கழுக்குன்றம் தாண்டியதும் வெளிச்சம் வந்தது. மாமல்லபுரத்தில் டீ குடித்துவிட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே திரும்பினோம். சூப்பர்வைசர் முன்னால், பாய் நடுவில், நான் கடைசி. வழக்கமாக நடுவில் போகிறவரின் நீலப் புகையைத் தின்றுகொண்டே போக வேண்டும், வீட்டுக்கு வந்தால் சட்டையிலும் அந்த வாடைதான். அன்று புகையே இல்லை. கடல் காற்று சுத்தமாக இருந்தது. நன்றாக இருக்கிறதே என்று மட்டும்தான் தோன்றியது. டூ ஸ்ட்ரோக் வண்டி புகையாமல் போனால் என்ன அர்த்தம் என்பது சின்னப் பையனுக்கும் தெரியும். எனக்கு அன்று தெரியவில்லை.

பட்டிபுலம் தாண்டி, அறுபதில் போய்க்கொண்டிருந்தபோது அவருடைய பின் சக்கரம் கிரீச்சென்று நின்றது. கிளட்ச்சைப் பிடித்துவிட்டார். பிடித்திருக்காவிட்டால் என்னை முந்திக்கொண்டு வந்த டூரிஸ்ட் பஸ்ஸின் கீழே போயிருப்பார். வண்டி பாம்பு போல வளைந்து, சாலையோர மணலில் இறங்கிச் சாய்ந்தது. வலது முழங்கைத் தோல் உரிந்தது. அதைத் தவிர அடியில்லை.

சூப்பர்வைசர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

"இன்னா பாய், மணல்ல இன்னா தேடிகினு கீற?"

"ஜாம் ஆயிடுச்சுப்பா."

சூப்பர்வைசர் டேங்க் மூடியைத் திறந்து, கைக்குட்டையின் நுனியை நனைத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். எங்கள் ஆயிலுக்குப் பச்சை நிறம். துணியில் நிறமே இல்லை.

"ஆயிலே இல்ல பாய். தண்ணி மாரி கீது. கடையில மூணு இஞ்ச் ஆணி எத்தினி கீதுன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவ. இத மறந்துட்டியே நைனா."

பாய் சிரிக்கவில்லை. சட்டையில் ஒட்டிய மணலைத் தட்டவும் இல்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்.

"வாத்தியாரே, போன வாரம் வண்டிய வுட்டுட்டுப் போகசொல்லோ டேங்க்ல கொஞ்சந்தான் கீதுன்னு உன்கிட்ட சொன்னேனா இல்லியா?"

"சொன்னீங்க."

"காலைல தொறந்தா ரொம்பி கீது. அப்போ நடுவுல நான் ஊத்திகீறேன். புதன்கெழம வந்தேனே, அன்னிக்கி ஊத்துனனா? டீ குடிச்சது ஞாபகம் கீது. ஊத்துனது இல்லியே."

"கனவுல வந்து ஊத்திருப்ப," என்றார் சூப்பர்வைசர்.

நான் ஊற்றியிருப்பேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தோன்றாததற்குக் காரணம் என் கொட்டகைச் சுவரில் ஒட்டியிருந்தது. அந்த இடத்தில் நான் சொல்ல வேண்டியது மூன்று வார்த்தை. பெட்ரோல் ஊற்றியது நான். ஆனால் ஆயிலும் ஊற்றினேனே, பிறகு எப்படி என்று மனசு வேறு பக்கம் ஓடியது. வீட்டுக்குப் போய் டைரியைப் பார்த்துவிட்டுச் சொல்லலாம், சரியாகத் தெரியாமல் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தேன். அப்போது அது நியாயமாகக்கூடத் தெரிந்தது. உண்மையில் சூப்பர்வைசர் எதிரில் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. வேறொன்றும் இல்லை.

8.35க்கு ஒரு குட்டி யானை கிடைத்தது. அந்தச் சின்ன லாரியில் பாயின் வண்டியோடு என் வண்டியையும் ஏற்றச் சொன்னேன். அவரைத் தனியாக அனுப்ப மனம் வரவில்லை. சூப்பர்வைசர் தன் வண்டியில் கிளம்பிவிட்டார். நாங்கள் இருவரும் பின்னால், இரண்டு வண்டிகளுக்கும் நடுவில், கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றோம். லாரி நெம்மேலியில் திரும்பியது. பாய் தன் அண்ணனைப் பற்றி ஆரம்பித்தார்.

அண்ணன் கோவளத்தில் ஜவுளிக் கடை வைத்திருந்தவர். முந்தின வருடம் இறந்துபோனார். நான் மையத்து அடக்கத்துக்குப் போயிருந்தேன்.

"மொதல்ல எப்புடி ஆரம்பிச்சுது தெரியுமா? ஒரு நாளு கடைய மூடாம வூட்டுக்கு வந்துட்டாரு. எல்லாரும் சிரிச்சோம். அப்போ அவருக்கு என் வயசுதான். ரெண்டே வருசம், அண்ணியப் பாத்து நீ யாரும்மான்னு கேட்டாரு."

"ஒரு தடவை மறந்ததுக்கு இப்படியெல்லாம் யோசிக்கலாமா பாய்?"

"ஒரு தடவைன்னு யாருக்குத் தெரியும்? மறந்தது ஞாபகம் இருந்தாதான எண்றதுக்கு." உரிந்த முழங்கையைப் பார்த்தார். "ஆசிட்டு விக்கிறேன், பூச்சிமருந்து விக்கிறேன். மாத்திக் குடுத்துட்டா? பையன் போன மாசமே கேட்டான், நான் கடைய பாத்துக்கட்டுமான்னு. நாளைக்கிக் காலைல கடைச் சாவிய அவங்கிட்ட குடுத்துடப் போறேன். வேலைய வாணாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துடுவான்."

பையனுக்கு இருபத்தாறு வயது. ஓஎம்ஆரில் ஒரு கம்பெனியில் இரண்டு வருடமாக வேலை. அந்த வேலை கிடைத்தபோது பாய் எங்களுக்குக் கடை வாசலில் வைத்து பாதாம் பால் வாங்கிக் கொடுத்தார்.

"வண்டிய என்ன பண்ணப்போறீங்க?"

"பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுட்றேன். பேஜாரு வுட்டுது."

அவர் வீட்டில் வண்டியை இறக்கிவிட்டு 9.50க்கு நான் செங்கல்பட்டு வந்து சேர்ந்தேன். டைரியைப் பகலெல்லாம் திறக்கவில்லை. குளித்தேன், சாப்பிட்டேன், செய்தித்தாளை விளம்பரம் வரை படித்தேன். மாலை 6.15க்குத்தான் திறந்தேன். என் வழக்கம், செய்ய வேண்டிய வேலையை முதலில் எழுதிவிட்டு, செய்து முடித்ததும் பக்கத்தில் டிக் போடுவது. சனிக்கிழமை: பாய் வண்டி, பின் பிரேக் கட்டை, டிக். ஓட்டிப் பார்த்தல், டிக். பெட்ரோல் நாலு லிட்டர், டிக். ஆயில் 120 மில்லி. அந்த வரியின் பக்கத்தில் ஒன்றும் இல்லை. அதற்கடுத்த வரி, துடைத்தல், டிக்.

மக்ரிப் தொழுகை முடிந்திருக்கும் என்று கணக்குப் பண்ணி ஏழு மணிக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். பாய் சிரித்தார். அன்றைக்கு அவர் முதல்முறையாகச் சிரித்தது அப்போதுதான்.

"நீயா ஊத்துன? அடுத்தவன் டேங்க் மூடியத் தொட்டாலே கத்துறவன் நீ."

"சத்தியமா பாய். டைரியில கூட இருக்கு."

"நீ நல்ல மனுசன் வாத்தியாரே. எங்க அண்ணனுக்கும் நாங்க எல்லாரும் இப்புடித்தான் சொன்னோம். நீ மறக்கல, நாங்கதான் எடுத்து வெச்சோம், நாங்கதான் மாத்தி வெச்சோம்னு. அவரும் சரி சரின்னு தலையாட்டுவாரு. வுடு. போய்ச் சாப்ட்டுப் படு."

போனை வைத்துவிட்டார். மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. மனைவி என்ன என்று கேட்டாள். சொன்னேன். "ரோட்டிலேயே சொல்லியிருக்கலாமே" என்றாள். இரவு எட்டு மணிக்குச் சோறு போட்டாள். பாதியில் எழுந்துவிட்டேன். அன்றைய பக்கத்தில் எழுதியது ஒரே வரி. எழுதி, டிக் போடாமல் விட்டேன்: பாயிடம் நேரில் சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை காலை வண்டிகள் பக்கமே போகவில்லை. முதல் வேலையாகத் திருப்போரூர் பஸ்ஸைப் பிடித்தேன். காப்பி குடிக்கவில்லை. டைரி மடியில் இருந்தது. 6.35க்குக் கடை வாசலில் இறங்கியபோது ஷட்டர் மூடியிருந்தது. பாய் வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், முழங்கையில் பிளாஸ்திரி. பக்கத்தில் பையன், ஆபீஸ் சட்டையில், கையில் சாவிக்கொத்தோடு நின்றிருந்தான்.

சனிக்கிழமைப் பக்கத்தைத் திறந்து அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். டிக் இல்லாத இடத்தில் கட்டை விரலை வைத்தார். பிறகு முன்பக்கங்களைப் புரட்டினார். பிப்ரவரி முதல் வாரம், அதற்கும் முன்பாகப் பொங்கல் வாரம். ஒவ்வொரு வரிக்கும் டிக் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனார். சரக்கு வந்தால் பில்லோடு சரிபார்ப்பாரே, அதே போல. பையன் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நேத்து ரோட்ல நிக்கசொல்லோ, பெட்ரோல் நீ ஊத்துனது உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"நான் கேட்டனே. உன்னப் பாத்துதான கேட்டேன்."

அவர் டைரியை மூடித் திருப்பிக் கொடுத்தார். பையனிடம் கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்.

"நீ கெளம்பு. பஸ்ஸு போய்டப் போவுது."

"வேலைய எழுதிக் குடுக்கணும்னு சொன்னீங்களே அத்தா?"

"ஒண்ணும் எழுத வாணாம். கெளம்பு."

பையன் போன பிறகு அவர் குனிந்து பூட்டைத் திறந்தார். ஷட்டரை ஒரு பக்கமாகத் தூக்க முயன்றார், முழங்கை வலித்திருக்க வேண்டும். நான் மறுபக்கம் கை கொடுக்கப் போனேன்.

"இருக்கட்டும் சார்," என்றார். "நான் பாத்துக்கறேன்."

நான் படியிலிருந்து இறங்கி ஓரமாக நின்றேன். அவர் இடது கையால் ஷட்டரை முழுக்கத் தூக்கி, உள்ளே போய் விளக்கைப் போட்டார்.